விளையாட்டுப் பந்தயமும் புள்ளிவிவரத் தரவுத்தளங்களும்: கேள்வி பதில்

இணையத்தில் கிடைக்கும் விளையாட்டுத் தரவுகளைப் பந்தயத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கால்பந்து, கிரிக்கெட் ஆகிய இரண்டிலும் நெடுநாளாகத் தரவுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு வருகிறேன். பந்தயம் சட்டப்படி செல்லும் இடங்களில் உள்ள வயதுவந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தடை உள்ள இடங்களில் இருப்பவர்கள் பணம் கட்டாமல் காகிதத்தில் மட்டும் கணித்துப் பார்க்கலாம். கற்றுக்கொள்வதற்கு அது போதும்.

கேள்வி: ஐயா, நான் இப்போதுதான் தொடங்குகிறேன். நம்பகமான தரவு எங்கே இலவசமாகக் கிடைக்கும்?

பதில்: கால்பந்துக்கு 'ஃபுட்பால்-டேட்டா' என்ற இணையதளத்திலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பிய லீகுகளின் முடிவுகளும் அவற்றுக்குப் பந்தய நிறுவனங்கள் கொடுத்த விலைகளும் (வென்றால் 1 ரூபாய்க்கு எத்தனை ரூபாய் திரும்பும் என்று காட்டும் எண்கள்) பருவவாரியாக, எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்புகளாக அங்கே உள்ளன. முடிவும் விலையும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதுதான் அதன் பெரிய பயன். கிரிக்கெட்டுக்குப் பந்துவாரியான தரவு 'கிரிக்ஷீட்' தளத்தில் கிடைக்கிறது. வீரர்வாரியாகத் தேட 'கிரிக்இன்ஃபோ'வின் 'ஸ்டாட்ஸ்குரு' உதவும். பேஸ்பால் ஆர்வலர்களுக்கு 1989இல் தொடங்கப்பட்ட 'ரெட்ரோஷீட்' இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பதிவிறக்கிக் குவிக்க வேண்டாம். ஒரு விளையாட்டு, ஒரு லீக், ஒரே வகைப் பந்தயம் என்று குறுக்கிக்கொண்டு, அந்தக் கோப்பின் ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது என்று விளங்கும்வரை அதிலேயே இருங்கள்.

கேள்வி: அணிகளின் புள்ளிவிவரங்களை மணிக்கணக்கில் அலசுகிறேன். பெரும்பாலும் வெல்லும் அணியையே சரியாகச் சொல்கிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். எங்கே தவறுகிறேன்?

பதில்: 'யார் வெல்வார்' என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறீர்கள். 'இந்த விலைக்கு அது தகுமா' என்பதுதான் பந்தயத்தின் கேள்வி. ஆட்ஸ் என்று சொல்லும் பந்தய விலையைத் தலைகீழாக்கினால் அதில் மறைந்திருக்கும் நிகழ்தகவு வெளியே வரும். ஒரு கால்பந்து ஆட்டத்தில் உள்ளூர் அணிக்கு 2.10, சமனுக்கு 3.40, வெளியூர் அணிக்கு 3.60 என்று விலை இருப்பதாகக் கொள்வோம். 1ஐ ஒவ்வொன்றாலும் வகுத்தால் 47.6, 29.4, 27.8 சதவீதம் வரும். மூன்றையும் கூட்டினால் 100 வர வேண்டும், ஆனால் 104.8 வருகிறது. மிகுதியாக நிற்கும் அந்த 4.8தான் நிறுவனத்தின் மார்ஜின், அதாவது அது தனக்காக விலைக்குள் வைத்துக்கொள்ளும் லாபப் பங்கு. அதைப் பங்கிட்டுக் கழித்தால், உள்ளூர் அணி வெல்ல ஏறத்தாழ 45.4 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று தெரியும். அந்த அணி வெல்லும் என்று நீங்கள் சொல்வதால் மட்டும் பயன் இல்லை. அதன் வாய்ப்பு 47.6 சதவீதத்துக்கு மேல் என்று காட்ட உங்களிடம் தரவு இருந்தால்தான் அந்தப் பந்தயத்துக்குப் பொருள் உண்டு. வெல்வது உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்த அணிக்கு 1.20 விலையில் பணம் கட்டிக்கொண்டே போனால், பத்தில் எட்டு முறை சரியாகச் சொல்லியும் பணத்தை இழப்பீர்கள்.

ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன், அதை விடாமல் கடைப்பிடியுங்கள்: விலையைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் நிகழ்தகவை எழுதிவிடுங்கள். முதலில் விலையைப் பார்த்துவிட்டால், நம்மையறியாமலே அந்த எண்ணின் பக்கம் நம் கணிப்பு சாய்ந்துவிடும்.

கேள்வி: இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய கடைசி 8 ஆட்டங்களில் ஒரே அணி 7 முறை வென்றிருக்கிறது. இது வலுவான ஆதாரம் இல்லையா?

பதில்: இல்லை. எட்டு ஆட்டங்கள் நடந்து முடிய நான்கு ஆண்டுகளாவது ஆகியிருக்கும். அதற்குள் பயிற்சியாளரும் வீரர்களும் மாறியிருப்பார்கள், ஆட்ட முறையும் மாறியிருக்கும். சீருடையின் நிறம் மட்டும்தான் அப்படியே இருக்கும். அண்மைக் காலத்தில் எல்லா அணிகளுக்கும் எதிராக அவை எப்படி ஆடின என்பது இதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

கேள்வி: கால்பந்தில் கோல் எண்ணிக்கையைக் கணிக்கப் பாய்சான் முறையைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். எளிமையாக விளக்க முடியுமா?

பதில்: நல்ல தொடக்கம் அது. ஓர் அணி சராசரியாக எத்தனை கோல் அடிக்கும் என்று தெரிந்தால், சரியாக 0, 1, 2 கோல்கள் அடிக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பாய்சான் பரவல் சொல்லிவிடும். உள்ளூர் அணிக்கு 1.5, வெளியூர் அணிக்கு 1.1 என்று நீங்கள் மதிப்பிட்டால், 0-0 முடிவுக்கு வாய்ப்பு ஏறத்தாழ 7.4 சதவீதம். மொத்தக் கோல்கள் இரண்டோ அதற்குக் குறைவாகவோ இருக்க ஏறத்தாழ 51.8 சதவீதம், அதற்கு நியாயமான விலை 1.93. எக்செல்லிலேயே இதற்குச் சூத்திரம் இருக்கிறது.

கடினமான வேலை அந்த 1.5, 1.1 என்ற எண்களைப் பெறுவதுதான். அடித்த கோல்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், சில வாரங்களின் அதிர்ஷ்டமும் சேர்ந்து வந்துவிடும். எக்ஸ்ஜி எனப்படும் எதிர்பார்ப்புக் கோல், ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தச் சூழலில் அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு அதன் மதிப்பைக் கணக்கிடுவதால், பருவத்தின் தொடக்க வாரங்களில் கோல் கணக்கைவிட நிதானமான படத்தைத் தரும். டிக்சன், கோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், 0-0, 1-1 போன்ற குறைந்த கோல் முடிவுகளுக்குத் தனியாகத் திருத்தம் செய்து, பழைய ஆட்டங்களுக்கு எடையைக் குறைத்துக்கொண்டே போகும் வழியையும் காட்டினார்கள். எளிய பாய்சானைச் செய்து முடித்தவர்கள் அடுத்து அதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: கடந்த ஐந்து பருவங்களின் தரவில் சோதித்ததில் என் முறை 18 சதவீத லாபம் காட்டுகிறது. உண்மையான பணத்தில் இறங்கலாமா?

பதில்: பொறுங்கள். அத்தனை பெரிய லாபத்தைக் கண்டால் மகிழ்வதற்கு முன் பிழையைத் தேட வேண்டும். என் முதல் சோதனையும் இப்படித்தான் பிரமாதமாக இருந்தது. ஒவ்வொரு அணியின் பருவச் சராசரியையும் ஒரு நெடுவரிசையில் வைத்து அக்டோபர் ஆட்டங்களைக் கணித்திருந்தேன். அந்தச் சராசரிக்குள் நவம்பர் முதல் மே வரையிலான ஆட்டங்களும் இருந்தன என்பதை இரண்டு வாரம் கழித்தே கண்டேன். நாளைய செய்தித்தாளைப் படித்துவிட்டு இன்று ஆரூடம் சொன்னதற்குச் சமம் அது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதற்கு முந்தைய நாள்வரை கிடைத்த தகவலை மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டபோது லாபம் முழுவதும் மறைந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்கிறேன்: இந்த முறைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை முறைகளை முயன்றீர்கள்? எந்த உண்மையும் இல்லாத 20 விதிகளைச் சோதித்தாலும், தற்செயலாக வர 5 சதவீத வாய்ப்பே உள்ள முடிவைத் தேர்ச்சி என்று கொள்ளும் அளவுகோலில் ஏதேனும் ஒன்றாவது தேறிவிட 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே மூன்று பருவங்களில் முறையை அமைத்து, தொடாமல் வைத்திருந்த மற்ற இரண்டில் ஒரே ஒரு முறை சோதியுங்கள். அங்கே முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மீண்டும் திருத்தினால், அந்த இரண்டு பருவங்களும் சோதனைக்கு உதவாமல் போய்விடும். ஆட்டத்தின் விதிகளும் மாறுகின்றன என்பதை மறக்க வேண்டாம். 2020இல் கால்பந்தில் ஐந்து மாற்று வீரர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் பல ஆட்டங்கள் பார்வையாளர் இல்லாமல் நடந்தன. அந்தக் காலத்து உள்ளூர் மைதானச் சாதகத்தை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது.

கேள்வி: மூன்று மாதத்தில் 1.91 விலையில் 80 பந்தயங்கள் கட்டி, 46இல் வென்றிருக்கிறேன். எனக்குத் திறமை இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: உங்கள் வெற்றி விகிதம் 57.5 சதவீதம், அந்த விலையில் கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்கவே 52.4 சதவீதம் வேண்டும். உங்களைச் சோர்வடையச் செய்ய எனக்கு விருப்பமில்லை, ஆனால் கணக்கைச் சொல்லியாக வேண்டும்: நாணயத்தைச் சுண்டிப் பந்தயம் கட்டும் 100 பேரில் ஏறத்தாழ 11 பேர் 80 பந்தயங்களில் 46ஓ அதற்கு மேலோ வெல்வார்கள். 1,000 பந்தயங்கள் ஆன பிறகும் திட்டவிலக்கம், அதாவது அதிர்ஷ்டத்தால் மட்டும் வெற்றி விகிதம் வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, 1.6 சதவீதப் புள்ளி அளவில் இருக்கும்.

அவ்வளவு காலம் காத்திருக்காமல் ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆட்டம் தொடங்கும் கணத்தில் நிற்கும் கடைசி விலையோடு நீங்கள் கட்டிய விலையை ஒப்பிடுங்கள். அந்நேரத்துக்குள் அணிப் பட்டியல், காயம், வானிலை, பெரும் பணம் கட்டுபவர்களின் கருத்து ஆகிய எல்லாம் விலைக்குள் வந்துவிடுவதால், அதுவே நமக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த மதிப்பீடு. நீங்கள் 2.10இல் கட்டியது தொடர்ந்து 1.95, 1.98 என்று முடிந்தால், சில வாரங்கள் தோற்றாலும் உங்கள் ஆய்வில் சரக்கு இருக்கிறது. 2.10இல் கட்டியது 2.25ஆக முடிந்துகொண்டே இருந்தால், இப்போதைய லாபத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் தொடர்ந்து 10 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார். சந்தா கட்டலாமா சார்?

பதில்: வேண்டாம். 1,024 பேருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பி, பாதிப் பேருக்கு ஓர் அணியையும் மீதிப் பேருக்கு மற்ற அணியையும் சொல்லி, சரியாக வந்தவர்களை மட்டும் மறுபடி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், பத்தாவது ஆட்டத்தின் முடிவில் ஒருவருக்கு மட்டும் பத்தும் சரியாக வந்திருக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

கேள்வி: ஏஐ செயலியிடம் கேட்டாலே புள்ளிவிவரம் சொல்லிவிடுகிறதே, தரவுத்தளம் எதற்கு?

பதில்: தரவைச் சீர்செய்யும் நிரலை எழுத அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எண்ணை அதனிடம் கேட்டு வாங்காதீர்கள். இல்லாத ஆட்டத்துக்கும் தயங்காமல் ஸ்கோர் சொல்லக்கூடியது அது.

கேள்வி: ஒரு பந்தயத்துக்கு எவ்வளவு கட்டுவது? கெல்லி சூத்திரம் சரியான வழியா?

பதில்: ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட அந்தச் சூத்திரம் கணித அளவில் அழகானது. விலை 2.10, உங்கள் நிகழ்தகவு 50 சதவீதம் என்றால், கையிருப்பில் 4.5 சதவீதம் கட்டச் சொல்லும். ஆனால் உண்மையான வாய்ப்பு 47 சதவீதமாக இருந்தால், கட்டவே கூடாது என்று அதே சூத்திரம் சொல்லும். மூன்று புள்ளி தவறாக மதிப்பிடுவது யாருக்கும் நேரக்கூடியது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பலர் கெல்லி சொல்வதில் பாதியோ கால் பங்கோ மட்டும் கட்டுகிறார்கள். புதியவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கையிருப்பில் 1 சதவீதம் என்று ஒரே அளவில் நிற்பது நல்லது.

கேள்வி: அண்ணா, இதுவரை சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. நல்ல தரவு கிடைத்தால் மீட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எந்தத் தரவுத்தளத்தை வாங்கலாம்?

பதில்: தம்பி, எதையும் வாங்க வேண்டாம்; பந்தயத்தையே இப்போது நிறுத்திவிடுங்கள். இழந்ததை மீட்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவருக்கு எந்தத் தரவும் உதவாது. திறமையான கணிப்பு முறை கூட 100 ரூபாய்க்கு இரண்டு மூன்று ரூபாய்தான், அதுவும் பல மாதங்கள் கழித்துத்தான் தரும். நீங்கள் தேடும் வேகம் அதில் இல்லை. பந்தயக் கணக்குகளில் உங்களை நீங்களே தடைசெய்துகொள்ளும் வசதி இருக்கும். இன்றைக்கே அதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். சூதாட்டப் பழக்கத்துக்கு மனநல மருத்துவர்களிடம் முறையான சிகிச்சை உண்டு, அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: இரண்டு தளங்களின் தரவை இணைத்தால் சில ஆட்டங்கள் காணாமல் போகின்றன. ஏன்?

பதில்: அணிப் பெயர்களைப் பாருங்கள். ஒரு கோப்பில் 'மேன் யுனைடெட்' என்றும் மற்றதில் 'மான்செஸ்டர் யுனைடெட்' என்றும் இருக்கும்; கணினிக்கு அவை இரண்டு வேறு அணிகள், அதனால் அந்த வரிசைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தாலும் இதே நடக்கும். எல்லாப் பெயர்களுக்கும் ஒரு பொருத்தப் பட்டியலைத் தனித் தாளில் வைத்துக்கொண்டு, இணைத்து முடித்ததும் ஒவ்வொரு அணிக்கும் எத்தனை ஆட்டங்கள் என்று எண்ணிப் பாருங்கள். 20 அணிகள் உள்ள லீகில் ஆளுக்கு 38 ஆட்டங்கள், மொத்தம் 380 வரிசைகள் வர வேண்டும். 379 வந்தாலும் மேலே போகாமல் அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.