கிளிப் போட்ட பசைக்கு வயதாகுமா?

கேள்வி: பல்லுக்குக் கிளிப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு மாதங்களில் மூன்று பிராக்கெட்டுகள் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டுகள்) கழன்றுவிட்டன. பசை பழசாகிவிட்டதா?

பசைக்கு வயதாகும் என்பது உண்மை. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதை முதலில் சந்தேகிக்க மாட்டேன்.

பல் சீரமைப்பில் முதுநிலைப் படிப்பு படித்தபோது என் ஆய்வே இதைப் பற்றியதுதான். சிகிச்சைக்காகப் பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களில் பிராக்கெட்டை ஒட்டி, 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாற்றி மாற்றி முக்குவோம். 10,000 முறை முக்கினால் வாய்க்குள் ஏறக்குறைய ஒரு வருடம் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. இயந்திரம் பழுதான ஒரு நாள் கூடையைப் பிடித்துக்கொண்டு நானே முக்கினேன். 10,000 எவ்வளவு பெரிய எண் என்று அன்றுதான் தெரிந்தது.

சூட்டில் பசை பல்லைவிட அதிகம் விரிகிறது, குளிரில் அதிகம் சுருங்குகிறது. இந்த இழுபறியில் ஒட்டிய இடத்தில் நுண்ணிய விரிசல் விழும். அதோடு ரெசின் பசை மெல்ல நீரை உறிஞ்சி இளகும். அதிலுள்ள கண்ணாடித் துகள்களை ரெசினோடு பிணைக்கும் சைலேன் பூச்சையும் நீர் அரிக்கும். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் இந்த இளகலைக் கூட்டும்.

ஆனாலும் நான் சோதித்த பற்களில் பெரும்பாலானவற்றில் பசையின் பிடிப்பு தேவையான வலுவுக்குக் கீழே இறங்கவில்லை. 1975-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன 6 முதல் 8 மெகாபாஸ்கல் என்ற அளவைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 10 சதுர மில்லிமீட்டர் அடிப்பரப்புள்ள பிராக்கெட்டுக்கு அது ஆறு முதல் எட்டு கிலோ எடை தொங்குவதற்குச் சமம். இதைவிட மிக வலுவான பசையும் ஆபத்துதான்; கடைசியில் கழற்றும்போது எனாமலும் சேர்ந்து பெயரலாம்.

இனி உங்கள் பல்லுக்கு வருவோம். பிராக்கெட் விழுந்த இடத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பசை பல்லிலேயே நிற்கிறது, பிராக்கெட்டின் அடிப்பக்கம்தான் விட்டிருக்கிறது. முறுக்கு, கரும்பு, அல்லது எதிர்ப்பல் வந்து இடிப்பது என்று காரணம் தேடலாம். ஒன்றரை வருடத்தில் தடித்த கம்பிக்கு மாற்றியிருப்பார்கள், இழுவையும் கூடியிருக்கும். மாறாக வழவழப்பாக இருந்தால் பசை எனாமலைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. ஒட்டிய அன்று, அமிலம் வைத்துக் கழுவிய பல்லில் எச்சில் பட்டிருக்கலாம். அப்படிப்பட்டவை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே விழுந்துவிடும். ஆகவே ஒன்றரை வருடம் நின்ற உங்கள் பிராக்கெட்டுகளில் கடியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மூன்றும் ஒரே பக்கத்துக் கீழ்ப்பற்கள் என்றால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும். விழுந்தவற்றைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பழைய பிராக்கெட்டையே திரும்ப ஒட்டுவதாகச் சொன்னால், அடியை மணல் வீசிச் சுத்தம் செய்வார்களா என்று கேளுங்கள். பழைய பசை அப்பியிருக்கும் அடியில் புதுப் பசை முன்போல் பிடிக்காது.