கரண்ட் ஒரு நொடி போய் வருகிறதா?

கேள்வி (வேளச்சேரி): தினமும் ஐந்தாறு தடவை கரண்ட் போய், அடுத்த நொடியே வந்துவிடுகிறது சார். மெயின் எம்சிபியை (லோடு மிஞ்சினால் தானாக அணையும் ஸ்விட்ச்) மாற்றிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எம்சிபியோ ஆர்சிசிபியோ (கரண்ட் கசிந்தால் அணையும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆனால், அதாவது தானாக அணைந்தால், கையால் தூக்கிவிட்டால்தான் கரண்ட் வரும். தானாகத் திரும்புகிறது என்றால் அது ட்ரிப் இல்லை. வெளி சப்ளை விட்டு விட்டு வருகிறது, இல்லையென்றால் எங்கோ லூஸ் கனெக்ஷன். அடுத்த முறை போகும்போது மாடிப்படி விளக்கைப் பாருங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் அது காமன் சர்வீஸில், அதாவது எல்லோருக்கும் பொதுவான மீட்டரில் இருக்கும். அதுவும் அணைந்தால் கோளாறு வெளியே. எரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் உங்கள் லைனில். மணியையும் அப்போது ஓடிய சாமானையும் நாலு நாள் குறித்து வையுங்கள்.

கேள்வி (திருவான்மியூர்): எங்கள் வீட்டில் மட்டும்தான். ஏசி ஓடினால் அதிகமாகிறது.

பதில்: லூஸ் கனெக்ஷனாகத்தான் இருக்கும். லோடு ஏறினால் அந்த முனை சூடாகிப் பிடி விடும், ஆறினால் மறுபடி ஒட்டும். கடலோர உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடுவதும் உண்டு. எலக்ட்ரீஷியனிடம் மெயின் ஸ்விட்ச், ஒவ்வொரு எம்சிபியின் மேல், கீழ் ஸ்க்ரூ, நியூட்ரல் லிங்க் (கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர்கள் சேரும் இடம்) எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கருகிய முனையை அப்படியே முறுக்கி இறுக்கினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. கருகியதை வெட்டி, புதிதாகச் சீவி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக முனை) போட்டு கிரிம்ப் செய்ய, அதாவது அழுத்தி இறுக்க வேண்டும். அலுமினியக் கேபிள் செம்போடு சேரும் இடத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் போட வேண்டும். முனை கருகியிருந்தால் அந்த எம்சிபியையும் மாற்றிவிடுங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் வயரின் தோல் மாட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும் தப்பு. ஒன்று ஞாபகம்: மெயினை அணைத்தாலும் அதற்கு முந்தைய வயர்களில் கரண்ட் இருக்கும். மீட்டரும் அதற்கு முந்தைய கட்-அவுட்டும் (ஃபியூஸ் பெட்டி) ஈ.பி.காரர்கள் வேலை, சீலைத் தொடக் கூடாது.

கேள்வி (குரோம்பேட்டை): த்ரீ பேஸ். ஒரு அறையில் லைட் மங்குது, அடுத்த அறையில் பளீர்னு எரியுது.

பதில்: முதலில் மெயினை அணையுங்கள், மீதியை அப்புறம் படியுங்கள். நியூட்ரல் விட்டுப்போகிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 பக்கம்கூட ஏறும். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போய்விடும். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு உடனே சொல்லுங்கள். சரியாகும் வரை போடாதீர்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதே?

பதில்: இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். பேட்டரிக்குச் சீக்கிரம் மாறும். ஆனால் லோ வோல்டேஜ் வந்தாலே பேட்டரிக்குப் போய்விடும் என்பதால் பேட்டரி கூடுதலாக உழைக்கும்.

கேள்வி (தாம்பரம்): காற்றடித்தால் தெரு முழுக்கக் கண் சிமிட்டுகிறது.

பதில்: கம்பியில் மரக்கிளை உரசுகிறதா என்று தரையில் நின்றே பாருங்கள். புகாரில் சர்வீஸ் நம்பரோடு கம்பத்தின் எண்ணையும் சொன்னால் ஆட்கள் தேடி அலைய மாட்டார்கள். கொம்பு வைத்துக் கிளையைத் தள்ளப் போகாதீர்கள், ஈரக் கொம்பில் ஷாக் அடிக்கும்.