மிச்சத்திலிருந்து காணிக்கை எடுக்காதீர்கள்

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்கத் தீர்மானித்தேன். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை, மனம் அலைகிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாததால் காணிக்கையும் நின்றுவிடுகிறது. கடன் வாங்கியாவது தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்க வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, கடன் வாங்காதீர்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்கிறது 2 கொரிந்தியர் 8:12.

மிஞ்சியதில் கொடுக்க நினைப்பதுதான் சிக்கல். 1 கொரிந்தியர் 16:2-இல் பவுல், வாரத்தின் முதல் நாளிலேயே வரவுக்குத் தக்கதாக எடுத்துச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். உங்களுக்கு மாதச் சம்பளம் என்பதால், சம்பளம் வந்த அன்றே, வாடகைக்கும் முன்பாக எடுத்துவிடுங்கள். பத்தில் ஒன்று முடியாவிட்டால் நூற்றுக்கு மூன்றில் தொடங்கி, ஒரு கடன் தவணை முடியும்போது கூட்டுங்கள். கவர் இரண்டு இருக்கட்டும்: ஒன்று சபைக்கு, இன்னொன்று கேட்டு வருகிறவர்களுக்கு. 'அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம்' என்று கவரில் கைவைத்தால் பழக்கம் அங்கேயே உடையும். பெற்றோரின் மருந்துச் செலவு காத்திருந்தால் அதுதான் முதலில். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கியவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7:11-13-இல் வாசியுங்கள்.

ஜெபத்துக்குப் பத்து நிமிடம் போதும். மத்தேயு 6:6 சொல்கிறபடி கதவைப் பூட்டுங்கள்; செல்போன் வெளியே இருக்கட்டும். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஒரே மூச்சில் ஒப்பிக்காமல் வரிக்கு வரி நிறுத்துங்கள். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற இடத்தில் இன்றைய தேவையைச் சொல்லுங்கள். 'எனக்கு' அல்ல, 'எங்களுக்கு' என்றிருப்பதால் இன்னொருவர் தேவையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'மன்னிக்கிறதுபோல' என்னும்போது ஒரு முகம் நினைவுக்கு வரும். அதைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள்பேரில் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24. அன்று மாலைக்குள் அவரோடு பேசிவிடுங்கள், அதுவும் ஜெபத்தின் பாகம்தான்.

மனம் ஓடுவது பெரும்பாலும் முடிக்காத வேலையை நோக்கித்தான். பக்கத்தில் ஒரு தாள் வைத்து, ஒரே சொல்லில் குறித்துவிட்டு, நிறுத்திய வரிக்கே திரும்புங்கள். கவலையாக இருந்தால் அதையே விண்ணப்பமாக்குங்கள்.

பிறகு சங்கீதம் 119. மொத்தம் 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி வாசித்தால் 22 நாளில் முடியும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம். சுமை கூடினால் மூன்றாம் நாளும் தவறும். விட்ட இடத்திலிருந்து எட்டே வசனம் போதும்.