ரோயிங் மெஷின் கேள்வி-பதில்: காலைத் தள்ளாமல் கையை இழுக்காதீர்கள்

வந்த கடிதங்களில் பாதி முதுகைப் பற்றியவை, மீதியில் பெரும்பகுதி டேம்பர் என்ற காற்று நெம்புகோலைப் பற்றியவை. இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு முகங்கள் என்பதால் அவற்றுக்கு இடம் கூடுதலாகப் போயிருக்கிறது.

ரோயிங் செய்தால் முதுகு வலிக்கிறது. என்ன செய்யலாம்?

கடிதம் இவ்வளவுதான். முதுகில் எந்த இடம், எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது, டேம்பர் எதில் இருக்கிறது, மறுநாள் காலையிலும் வலிக்கிறதா, எதுவும் இல்லை. அடுத்த முறை இவற்றை எழுதாமல் அனுப்ப வேண்டாம். இப்போதைக்குப் பெரும்பாலானவர்களிடம் இருக்கும் தவறைச் சொல்கிறேன்.

கேட்ச் (முழங்கால் மடங்கி, இழுக்கத் தொடங்கும் நிலை) வரும்போது இன்னும் நாலு விரற்கடை நீளம் கிடைக்கட்டும் என்று தோளை முன்னால் எறிவீர்கள். தொடையின் பின்தசை இறுகியிருந்தால் இடுப்பெலும்பு ஓர் அளவுக்கு மேல் முன்னால் சாயாது. மிச்சத் தூரத்தைக் கீழ்முதுகு வளைந்து கொடுக்கும். அப்படி வளைந்திருக்கும் நேரம் பார்த்துக் காலின் முழு பலமும் அதன் மேல் வந்து விழுகிறது. நிமிடத்துக்கு 24 ஸ்ட்ரோக் (ஒரு முறை இழுத்துத் திரும்பி வருவது), 20 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 500 தடவை.

ரிகவரியில், அதாவது இழுத்து முடித்து முன்னால் திரும்பி வரும்போது, வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கை முழுக்க நீளட்டும். அடுத்து இடுப்பிலிருந்து முன்சாயுங்கள். கடிகாரத்தில் 1 மணி முள் நிற்கும் சாய்வு போதும். அதற்கப்புறம்தான் முழங்கால் மடங்க வேண்டும். சீட் பாதி வழி வருவதற்குள் சாய்வு முடிந்திருக்க வேண்டும். கேட்ச்சில் போய்ச் சாய்வைக் கூட்டக் கூடாது. அப்படியும் முதுகு வளைந்தால் கால் பலகையை ஒன்றிரண்டு துளை இறக்கிப் பாதத்தைத் தாழ்த்துங்கள். ஸ்ட்ராப் பாதத்தின் அகலமான பகுதிக்கு மேல் வர வேண்டும், கணுக்கால் பக்கம் அல்ல.

வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலோ, டெக்னிக் பேச்சை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சு எப்போது விட வேண்டும்?

டிரைவில் (காலால் தள்ளி ஹேண்டிலை இழுக்கும்போது) விடுங்கள், ரிகவரியில் மூச்சை இழுங்கள். ரேட் (நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக்) 28-ஐத் தாண்டும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு இரண்டு மூச்சு தானாக வந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் தள்ள வேண்டாம்.

டேம்பரை 10-ல் வைத்து 20 நிமிடம் செய்கிறேன். 4 போதும் என்கிறார் நண்பர். எளிதாக்கிக்கொண்டால் பலன் குறையாதா?

நண்பர் சொல்வது சரி. இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் நெம்புகோல் 10-ல்தான் இருக்கிறது. முந்தைய ஆள் வைத்துவிட்டுப் போனதை அடுத்தவர் மாற்றுவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேம்பர் என்பது ஃப்ளைவீல் (நீங்கள் இழுக்கும்போது சுழலும் விசிறிச் சக்கரம்) இருக்கும் கூண்டுக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் கதவு, அவ்வளவுதான். 10-ல் கதவு முழுக்கத் திறந்திருக்கும். உள்ளே காற்று அதிகம் போவதால், நீங்கள் ரிகவரியில் இருக்கும்போதே ஃப்ளைவீல் வேகம் இழந்துவிடும். அடுத்த கேட்ச்சில் அந்தத் தளர்ந்த சக்கரத்தை மறுபடி ஓட வைக்க வேண்டும். கனமாகத் தெரிவது இதனால்தான். சைக்கிளில் பெரிய கியரைப் போட்டு ஏறி மிதிப்பது போன்றது.

கனம் தெரிவதால் உழைப்பு கூடிவிடாது. ஒவ்வொரு ரிகவரியிலும் ஃப்ளைவீல் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று மானிட்டர் அளக்கிறது. அதுதான் டிராக் ஃபேக்டர். அதை வைத்துத்தான் வாட்டும் ஸ்ப்ளிட்டும் (500 மீட்டருக்கு ஆகும் நேரம்) கணக்கிடப்படுகின்றன. ஆகவே 4-லும் 2:00 ஸ்ப்ளிட் என்றால் சுமார் 200 வாட், 10-லும் அதே 200 வாட்தான். பலன் வேண்டுமென்றால் ஸ்ப்ளிட்டைக் குறையுங்கள். 500 மீட்டருக்கு 2:30 போகிறவர் தருவது சுமார் 100 வாட். 2:00-க்கு வர அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். வேகம் கால் பங்கு கூடினால் உழைப்பு இரட்டிப்பாகிறது. சவால் அங்கே இருக்கிறது, நெம்புகோலில் இல்லை.

10 உடம்பை என்ன செய்கிறது என்று பாருங்கள். முழங்காலும் இடுப்பும் மிக அதிகமாக மடங்கியிருக்கும் இடம் கேட்ச். அந்த இடத்தில்தான் சுமை உச்சத்தில் வந்து விழுகிறது. கால் நகராததுபோல் தோன்றும். உடனே முதுகு முந்திக்கொண்டு பின்னால் சாயும், முழங்கை சீக்கிரமே மடங்கும். முதல் 50 ஸ்ட்ரோக்குக்குத் தாங்குவீர்கள். அப்புறம் களைப்பில் கீழ்முதுகு வளையத் தொடங்கும், சுமை மட்டும் அப்படியே இருக்கும். முதல் கேள்வி கேட்டவர் டேம்பரை எதில் வைத்திருக்கிறார் என்று நான் ஏன் கேட்டேன் என்பது இப்போது புரியும். 100 மீட்டர் ஓட்டத்துக்கு உயர்த்தி வைப்பவர்கள் உண்டு. அது 20 விநாடிக்குள் முடிகிற வேலை.

இன்னொன்று: 4 என்று எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளவும் வேண்டாம். கூண்டில் தூசும் நூலும் அடைந்த மெஷினில் 6 தருவதைச் சுத்தமான மெஷினில் 4 தந்துவிடும். டிராக் ஃபேக்டரைப் பாருங்கள். கான்செப்ட்2 நிறுவன மெஷினின் மானிட்டரில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே அதைக் காட்டும் பக்கம் இருக்கிறது. அதைத் திறந்து பத்து ஸ்ட்ரோக் போட்டால் எண் நிலைக்கு வரும். 100-லிருந்து 130 வரை வருமாறு நெம்புகோலை நகர்த்துங்கள். புதியவர்களும் எடை குறைந்தவர்களும் 100, 110 பக்கம் இருக்கட்டும். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் முதல் வேலை இது.

ரேட் 34, ஸ்ப்ளிட் 2:25. ஸ்ப்ளிட் இறங்கவே மாட்டேன் என்கிறது.

இறங்காது. 2:25 என்பது 115 வாட். அதை 34 ஸ்ட்ரோக்கில் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் காலுக்கு வேலையே இல்லை. சீட்டில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். ரேட்டை 20-க்கு இறக்கி, அதே 2:25-ஐப் பிடியுங்கள். இப்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு ஒன்றே முக்கால் மடங்கு வேலை வந்துவிடும், தொடையில் தெரியும். தள்ளுவதற்கு ஒரு பங்கு நேரம், திரும்பி வருவதற்கு இரண்டு பங்கு. திரும்பும்போது அவசரப்பட்டால் உங்கள் எடையே உங்களைக் கேட்ச்சில் கொண்டுபோய் மோதவிடும்.

கூடவே பக்கவாட்டில் போனை வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். டிரைவின் முதல் ஒரு சாண் தூரத்தை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சீட் எவ்வளவு பின்னால் போகிறதோ ஹேண்டிலும் அவ்வளவு வர வேண்டும். சீட் மட்டும் வழுக்கிப் போய், ஹேண்டில் நின்ற இடத்தில் நிற்கிறது என்றால் கால் தள்ளிய பலம் செயினுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு முதுகால் தூக்கித்தான் ஹேண்டிலைக் கொண்டுவருவீர்கள். கால், முதுகு, கை. திரும்பும்போது கை, முதுகு, கால். எழுதி மெஷினில் ஒட்டிவையுங்கள்.

முழங்காலின் முன்பக்கம் வலி.

கேட்ச்சில் அளவுக்கு மீறி மடக்குகிறீர்கள். கெண்டைக்கால் எலும்பு தரைக்குச் செங்குத்தாக வந்ததும் நில்லுங்கள். குதிகால் லேசாக எழும்பலாம், தப்பில்லை. குதிகாலில் பிட்டம் இடிக்கும்வரை போவதுதான் தப்பு. சரியான இடத்தில், சீட் ஓடும் ரெயில் மேல் ஒரு டேப் துண்டை ஒட்டி, சீட் அதைத் தாண்டாமல் பழகுங்கள். முழங்கால் உள்ளே விழாமல் கால் விரல்களின் நேர்கோட்டில் போகட்டும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஹேண்டில் முழங்காலில் இடிக்கிறது, அதனால் மேலே தூக்கிக் கொண்டுபோகிறேன். சரியா?

சரியில்லை. கை முழங்காலைத் தாண்டுவதற்கு முன்பே காலை மடக்குகிறீர்கள். கை தாண்டட்டும், பிறகு மடக்குங்கள். செயின் போகும்போதும் வரும்போதும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும்.

முன்கை கல்லாக இறுகுகிறது, உள்ளங்கையில் கொப்புளம். கையுறை போடலாமா?

போடலாம், ஆனால் காரணம் பிடியில் இருக்கிறது. வாளியின் கைப்பிடியை எப்படித் தூக்குவீர்கள்? விரல்களைக் கொக்கிபோல் மாட்டித்தான். ஹேண்டிலுக்கும் அதே பிடிதான். கட்டை விரல் அடியில் சும்மா கிடக்கட்டும். மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்க வேண்டும். ஃபினிஷில் (இழுத்து முடிக்கும் இடத்தில்) மணிக்கட்டை மடக்கி ஹேண்டிலை மார்புக்குச் சுருட்டுபவர்களுக்குத்தான் தசைநார் வீக்கம் வருகிறது. ஹேண்டில் வந்து சேரும் இடம் கீழ் விலா எலும்பு, கழுத்து அல்ல. தோள் காதுக்கு ஏறாமல் கீழே இருக்கட்டும்.

பத்து நாளாக விலாவில் ஒரு பக்கம் குத்துகிறது. இருமினால் கூடுகிறது. தைலம் தடவித் தொடர்ந்து செய்கிறேன்.

இன்றே நிறுத்துங்கள். துடுப்பு வீரர்களுக்கு விலா எலும்பில் அழுத்த முறிவு வருவது தெரிந்த விஷயம். பயிற்சியின் அளவைச் சட்டென்று கூட்டும்போது அதிகம் வரும். இருமல், ஆழ்ந்த மூச்சு, படுக்கையில் புரளுதல் ஆகியவற்றில் குத்தினால் தசைப்பிடிப்பு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ரோயிங் செய்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். முறிவுதான் என்றால் மெஷினைச் சில வாரங்கள் மறந்துவிட வேண்டும். வலியோடு தொடர்ந்தால் அது மாதங்களாகும்.

ஸ்ட்ராப் போடாமல் செய்யலாம் என்கிறார்களே?

தாராளமாக. ரேட் 18-20, டேம்பர் குறைவாக, பத்து நிமிடம். ஃபினிஷில் பாதம் பலகையை விட்டு எழும்பினால் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்கிறீர்கள். 11 மணிச் சாய்வோடு நில்லுங்கள். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மானிட்டர் 300 கலோரி காட்டுகிறது. நம்பலாமா?

உங்கள் எடை அதற்குத் தெரியாது. கான்செப்ட்2 மானிட்டர் எல்லோரையும் சுமார் 80 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. ஸ்ப்ளிட்டைப் பாருங்கள்.

சீட் கடகடவென்று ஆடுகிறது. அதனால் முதுகுக்குக் கெடுதலா?

தாளம் கெடும், சமநிலைக்காக ஒரு பக்கமாகச் சாய்வீர்கள். ரெயிலில் கறுப்பாகப் படிந்திருப்பது வியர்வையும் தூசும். ஒவ்வொரு முறை முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். சீட்டைத் திருப்பிச் சக்கரங்களையும் துடையுங்கள். செயினுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை, துணியில் ஒரு தேக்கரண்டி மினரல் ஆயில் நனைத்துத் தடவி, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். இருக்கிற எண்ணெயையும் அது கழுவிவிடும்.