ஐம்பதுக்குப் பிறகு என்ன செய்வது? கேள்வி பதில்

அஞ்சலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒன்பது ஆண்டுகளாக, ஓய்வு பெற்றவர்களையும் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டவர்களையும் தன்னார்வ வேலைகளில் சேர்த்துவிட்டு வருகிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சில.

ஓய்வு பெற்று இரண்டு மாதம். காலை ஐந்துக்கே முழிப்பு வருகிறது. பத்து மணிக்கு மேல் பொழுது நகரவில்லை. எதில் தொடங்குவது?

எனக்கு எதில் ஆர்வம் என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். நானும் ஆறு மாதம் அப்படி உட்கார்ந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. வாரத்தில் ஒரு கிழமை, நீங்கள் போகாவிட்டால் ஒருவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார் என்கிற மாதிரி ஒரு வேலையைப் பிடியுங்கள். எனக்கு அது வியாழக்கிழமை. பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவருக்குப் பாடங்களை வாசித்து செல்போனில் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே, "அம்மா, உங்களுக்கு மூச்சு வாங்குற இடத்துல நிறுத்தாதீங்க, கமா வர்ற இடத்துல நிறுத்துங்க" என்றார். வீட்டுக்கு வந்து அடுத்த பாடத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்றபின் எதையும் அவ்வளவு முனைந்து செய்தது அன்றுதான்.

நான் எம்.காம். பார்வையற்றவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கலாமா?

ஆள் தேவைதான். ஆனால் தேர்வரே எழுத்தரை, அதாவது தேர்வு எழுதிக்கொடுப்பவரை, அழைத்து வருவதானால், எழுத்தரின் படிப்பு அவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். விதிகள் மாறுகின்றன, அந்தந்தத் தேர்வின் அறிவிப்பைப் பாருங்கள். எழுதப் போனால் அவர் சொல்வதை மட்டும் எழுதுங்கள். திருத்தக் கை துடிக்கும், கூடாது.

வயது 66. மூட்டுவலியால் மாடிப்படி இறங்க முடியவில்லை. என்னால் யாருக்கு என்ன பயன்?

நிறையவே இருக்கிறது. விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களை ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் புத்தகத்தின் படம், பக்கத்திலேயே கணினி அதைப் படித்துத் தந்த எழுத்து. கணினி துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தி முடித்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். இங்கே உங்கள் வயதே பலம். றா, னா, லை, ணை எல்லாம் இன்றைய வடிவத்துக்கு மாறியது 1978 அரசாணைக்குப் பிறகுதான். யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு போட்ட பழைய 'லை'யை நீங்கள் ஒன்றாம் வகுப்பிலேயே எழுதியிருப்பீர்கள். இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தால் தயங்குகிறார்கள். தினம் இரண்டு பக்கம் போதும். நாற்காலியைவிட்டு அடிக்கடி எழுந்துகொள்ளுங்கள்.

47 வயது. வேலை சலித்துவிட்டது. விட்டுவிட்டு மனதுக்குப் பிடித்ததைச் செய்யலாமா?

வீட்டுக்கடன் இருந்தால் விடாதீர்கள். பிடித்ததை முதலில் ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பாருங்கள். ஆறாவது மாதமும் விடாமல் போகிறீர்களா என்பதுதான் சோதனை.

மனைவி இறந்து எட்டு மாதம். எதிலாவது ஈடுபடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முடியவில்லை.

முடியாதுதான் ஐயா. உங்களிடம் குறை எதுவும் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் ஒரே டீக்கடைக்குப் போய் வாருங்கள், இப்போதைக்கு அது போதும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சேவைக்குக் கூப்பிட்டால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள்; ஆறாத புண்ணைக் கிளறிவிடும். சாப்பாடும் தூக்கமும் இன்னும் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள்.

58 வயதில் பி.ஏ. படிக்க ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர வயது உச்சவரம்பு கிடையாது. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை. எந்தப் பாடம் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். வரலாறு என்றால் என்னிடம் சில பழைய புத்தகங்கள் இருக்கின்றன, அனுப்பிவைக்கிறேன்.