சைக்கிள் விளக்கு: லூமன் எண்ணை நம்பி வாங்கலாமா?

கேள்வி: தினமும் அதிகாலை 4 மணிக்கு எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் பூச்சந்தைக்கு 9 கிலோமீட்டர் சைக்கிளில் செல்கிறேன். பாதி வழிக்குத் தெருவிளக்கே கிடையாது. பழைய டைனமோ விளக்கு மங்கலாக எரிகிறது. இணையத்தில் 500 ரூபாய்க்கு ஓர் எல்இடி விளக்கு இருக்கிறது; 1,200 லூமன், 2,000 எம்ஏஎச் பேட்டரி, 8 மணி நேரம் எரியும் என்று போட்டிருக்கிறார்கள். கடையில் 300 லூமன், 2,600 எம்ஏஎச், 3 மணி நேரம் என்று எழுதிய விளக்குக்கு 1,800 ரூபாய் சொல்கிறார்கள். எதை வாங்குவது? டைனமோவையே சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த 1,200 லூமன் விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் எம்ஏஎச் எண்ணை, லித்தியம் பேட்டரியின் வழக்கமான மின்னழுத்தமான 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது வாட்-மணிக் கணக்கில் கிடைக்கும். 2,000 எம்ஏஎச் என்பது 7.4 வாட்-மணி. நல்ல எல்இடி விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பேட்டரியால் 1,200 லூமனை 37 நிமிடங்கள்தான் தாங்க முடியும். 8 மணி நேரம் எரிய வேண்டுமென்றால் 90 லூமன் அளவுக்கு மேல் தர இயலாது. இரண்டு வாக்குறுதிகளும் ஒருசேர உண்மையாக இருக்க வழியே இல்லை. கடை விளக்குக்கும் இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 3 மணி 10 நிமிடம் வருகிறது. அதாவது, அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பது பொருந்துகிறது. எந்த விளக்கை வாங்கும்போதும் இந்தக் கணக்கைக் கடையில் நின்றபடியே போட்டுப் பாருங்கள்.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் ஒளியின் மொத்த அளவு மட்டுமே. உங்களுக்கு வேண்டியது சாலையில் விழும் ஒளி. அதை லக்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள். ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் சைக்கிளின் முன்விளக்கு 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும் என்றும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்றும் சொல்வதால், அந்த விதிக்கேற்ப அமைந்த விளக்குகளில் மேல்விளிம்பு வெட்டினாற்போல் ஒளி தரையை நோக்கிப் பரவும். டார்ச் போல வட்டமாக ஒளி வீசும் விளக்கில் பாதி ஒளி மரங்களுக்கும் எதிரே வரும் பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்கும் போய்விடுகிறது. இருட்டுச் சாலையில் ஓட்டுநரின் கண் கூசுவது உங்கள் உயிருக்கே ஆபத்தானது என்பதால், இதைச் சிறிய குறையாக நான் கருதவில்லை. கடையில் விளக்கொளியைச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லி, ஒளியின் வடிவத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

டைனமோவைத் தூக்கி எறிய வேண்டாம். வழக்கமான டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட் தருவது. முன்விளக்குக்கு அதில் 2.4 வாட் போகிறது. இழை பல்பு வாட்டுக்கு 10 முதல் 20 லூமன்தான் தரும் என்பதால் 50 லூமனைக்கூட எட்டுவதில்லை. அதே மின்சாரத்தில் எல்இடி 200 லூமனைத் தாண்டும். ஆனால் டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம் (ஏசி) ஆகையால், டைனமோவுக்கென்றே செய்த எல்இடி விளக்கைத்தான் மாட்ட வேண்டும். அவற்றுள் பலவற்றில் மின்சாரத்தைச் சிறிது சேமித்து வைக்கும் ஒரு மின்தேக்கி இருப்பதால், சைக்கிளை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் எரியும். டயரில் உரசும் டைனமோ மழையில் வழுக்கும், மிதிப்பதும் கனக்கும். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அமைந்த ஹப் டைனமோவில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் முன்சக்கரத்தையே புதிதாகக் கோர்க்க வேண்டியிருப்பதால் செலவு மிகுதி.

உங்களுக்கு இருட்டுப் பயணம் ஒருவழிதான், அதுவும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எனவே ஒளியின் வடிவம் சரியாக இருந்தால் 300 லூமன் விளக்கையே வாங்குங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும். மழைக்கு, நீர்த் தெறிப்பைத் தாங்கும் என்பதைக் காட்டும் ஐபிஎக்ஸ்4 என்ற குறியாவது இருக்கட்டும். பின்பக்கம் சிறிய சிவப்பு எல்இடியோடு, பேட்டரி தீர்ந்தாலும் வேலை செய்யும் ரிஃப்ளெக்டரும் அவசியம்.

விளக்கை மாட்டியதும், 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியின் மையம் விளக்கு இருக்கும் உயரத்தில் பாதிக்கு வருமாறு சாய்த்து இறுக்கிவிடுங்கள்.