பேய்ப் படம் ரசிக்கும் மகனுக்கு மனக்கோளாறா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் இரவில் பேய்ப் படங்களாகத் தேடிப் பார்க்கிறான். நான் கண்ணை மூடிக்கொள்ளும் காட்சியில் அவன் சிரிக்கிறான். ஈவிரக்கம் இல்லாதவனாகிவிடுவானோ? தெரிந்த ஒருவர், ‘ஆளுமைத் தேர்வு’ வைத்து, பத்து அமர்வு ஆலோசனை தந்தால் சரியாகிவிடும் என்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. நீங்கள் சொன்னதில் நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை.

அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். இசை நின்றுபோகிறது, கதவு மெல்லத் திறக்கிறது, மகன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. உள்ளே வந்தது ஒரு பூனை. ஆபத்து இல்லை என்று மனம் உடனே புரிந்துகொள்கிறது. ஆனால் ஏறிய படபடப்பு இறங்கச் சிறிது நேரமாகும். அந்த மிச்சம் நிம்மதியோடு சேர்ந்து அதைப் பெருக்கிவிடுகிறது, சிரிப்பு வெடிக்கிறது. டால்ஃப் ஸில்மேன் என்ற உளவியலாளர் தந்த விளக்கம் இது. பயமே வராதவனுக்கு இந்தச் சுகம் கிடைக்காது.

பயம் மிஞ்சினாலும் ரசனை போய்விடும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொழுதுபோக்குக்காக அமைத்த ஒரு பேய் வீட்டுக்குள் போனவர்களின் இதயத் துடிப்பை அளந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தரமாகப் பயந்தவர்களே அதிகம் ரசித்திருந்தார்கள். உங்களுக்கு அந்த அளவு சீக்கிரம் தாண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தேர்வுக்கு வருகிறேன். பரபரப்பை நாடும் குணத்தை அளக்க மார்வின் ஸக்கர்மேன் என்ற உளவியலாளர் 1960-களில் ஓர் அளவுகோல் உருவாக்கினார். அது குணத்தைக் காட்டும், நோயைக் காட்டாது. இதுபோன்ற கேள்வித்தாள்களை இணையத்திலிருந்து எடுத்து, கூடிய மதிப்பெண்ணைச் சிவப்பில் அச்சிட்டுச் சிலர் பெற்றோரை மிரட்டுகிறார்கள். ஆளைப் பிடித்துக் கொடுப்பவருக்குத் தரகும் கிடைக்கலாம். முறையாகப் படித்த உளவியலாளர் எல்லா ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஆலோசகர் என்று பலகை மாட்டவோ பல இடங்களில் எந்தத் தகுதியும் கேட்பதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அசைவதாகவே இல்லை.

நான் கவலைப்படுவது ஒன்றுக்குத்தான்: அதே அறையில் சின்னக் குழந்தை இருக்கிறதா? ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம் “அது வெறும் வேஷம்” என்று சொல்லிப் பயனில்லை. கண்ணால் பார்த்ததே அதற்கு உண்மை. தூங்குகிறது என்று நினைப்போம், போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். திரையைப் பார்க்காவிட்டாலும் அலறல் காதில் விழும். 1999-இல் வெளிவந்த ஆய்வுக்காக ஹாரிசன், கேன்டர் என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, முன்பு பார்த்த படத்தின் பயம் ஏறத்தாழ 4-இல் ஒருவருக்கு இன்னும் விட்டிருக்கவில்லை. குழந்தை பயந்துவிட்டால் விளக்கம் வேண்டாம். கட்டிக்கொள்ளுங்கள், விளக்கைப் போடுங்கள், தூங்கும்வரை பக்கத்தில் இருங்கள். மகனிடம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேறு அறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

இரக்கத்தைப் பற்றிய பயம் இருந்தால், வீட்டில் யாருக்காவது அடிபட்டால் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பாருங்கள். தூக்கம் கெட்டு வகுப்புக்குப் போகாமல் இருந்தால் மட்டும், பதிவு பெற்ற உளவியலாளரைத் தேடுங்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த ஆலோசகரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள்.